வேட்டைத் தோட்டாத் தேர்வும் இறைச்சிச் சேதமும்

இறைச்சிச் சேதம் என்பது வேட்டையாடப்பட்ட விலங்கின் உடலில் குண்டு பாய்ந்ததால் உண்ணத் தகாததாகிவிடும் தசைப் பகுதியைக் குறிக்கும். துளைக்கப்பட்ட தசை, இரத்தம் உறைந்து கருத்த தசை, எலும்புச் சிதறலும் உலோகத் துகளும் கலந்த தசை, குடலில் உள்ளவை பட்டு அசுத்தமான தசை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மான் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட செயல். அங்குள்ள பல குடும்பங்களுக்கு மான் இறைச்சி ஓர் ஆண்டுக்கான உணவின் ஒரு பகுதியாகவும் இருக்கிறது. ஆகவே எந்தத் தோட்டாவைப் பயன்படுத்தினால் இறைச்சி குறைவாக வீணாகும் என்பது அந்நாடுகளின் வேட்டைக்காரர்களிடையே நீண்ட காலமாகப் பேசப்பட்டுவரும் கேள்வியாகும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. எனவே இக்கட்டுரை வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளின், குறிப்பாக அமெரிக்காவின், நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது.

சேதத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் மிகச் சிறிய துளையை இடும் குண்டே போதும். ஆனால் அத்தகைய குண்டு பட்ட விலங்கு உடனே சாகாது. காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் கழித்து இறக்கும். அப்போது விலங்கின் வேதனை நீள்கிறது, இறைச்சியும் முழுவதுமாக இழக்கப்படுகிறது. எனவே விரைவான இறப்பை முதல் நிபந்தனையாகவும், இறைச்சியைக் காப்பதை இரண்டாவது நிபந்தனையாகவும் வைத்தே தோட்டா தேர்ந்தெடுக்கப்படுகிறது.

சொல் விளக்கம்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு ஆகிய இரண்டும் ஒரே பொருளில் வருவதுண்டு. இக்கட்டுரையில் தோட்டா என்பது உறை, அதன் அடியிலுள்ள தீப்பொறி மூடி, வெடிமருந்து, முனையில் பொருத்தப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருளைக் குறிக்கிறது. குண்டு என்பது சுடும்போது குழலிலிருந்து வெளியேறிப் பாயும் உலோகப் பகுதி மட்டுமே. ஷாட்கன் தோட்டாவில் ஒரே குண்டுக்குப் பதிலாகப் பல சிறு உருண்டைகள் இருக்கும். அவை ரவை எனப்படும்.

குண்டின் எடை மரபாகக் கிரெயின் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. 1 கிரெயின் சுமார் 0.065 கிராம் ஆகும். 150 கிரெயின் குண்டு ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ளது. .30-06, .270 போன்ற தோட்டாப் பெயர்களின் முதல் எண், குண்டின் அல்லது குழலின் விட்டத்தை அங்குலத்தில் ஏறத்தாழக் காட்டுகிறது.

சேதம் ஏற்படும் விதம்

ரைஃபிள் குண்டு தசைக்குள் பாயும்போது இரண்டு வகையான குழிகளை உண்டாக்குகிறது. முதலாவது நிலையான துளை. குண்டு நேரடியாக நசுக்கிக் கிழித்த பாதை இது. இரண்டாவது தற்காலிகக் குழி. வேகமாகச் செல்லும் குண்டு தன்னைச் சுற்றியுள்ள தசையை எல்லாப் பக்கமும் தள்ளிவிடுகிறது. தசை ஒரு கணம் பலூன் போல விரிந்து மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்த விரிவு சில மில்லி வினாடிகளே நீடித்தாலும் நுண்ணிய இரத்தக் குழாய்களை அறுத்துவிடப் போதுமானது. அமெரிக்க இராணுவ மருத்துவரான மார்ட்டின் ஃபாக்லர், ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு இந்த இரு குழிகளையும் அளந்து விளக்கியவர்.

தசை மீள்தன்மை உடையது. ஆகவே தற்காலிகக் குழியால் அது கிழியாமல் தப்பிவிடலாம். ஆனால் அறுந்த குழாய்களிலிருந்து கசியும் இரத்தம் தசைக் கட்டுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வுகளின் வழியே பரவுகிறது. தோலை உரிக்கும்போது துளையைச் சுற்றி ஒரு கையகலம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், இறைச்சி கருஞ்சிவப்பாகக் கூழ் போலத் தெரிவது இதனால்தான். இத்தகைய இறைச்சி விரைவில் கெடும், சுவையும் மாறும். பெரும்பாலும் அது வெட்டி எறியப்படுகிறது.

இவை தவிர வேறு இரண்டு காரணங்களும் உண்டு. குண்டு தடித்த எலும்பில் மோதினால் உடைந்த எலும்புத் துண்டுகளும் சிறு குண்டுகளைப் போலப் பாய்ந்து தசையைக் கிழிக்கின்றன. குண்டே உடைந்தால் அதன் துணுக்குகள் துளையை விட்டு விலகிப் பல திசைகளில் செல்கின்றன. தசை விரிந்த அதே கணத்தில் துணுக்குகள் அதை ஆங்காங்கே துளைத்தும் விடுவதால், மீள வேண்டிய தசை அந்தத் துளைகளின் வழியே கிழிந்துபோகிறது. உடையாத குண்டைவிட உடையும் குண்டு மிக அதிகமான இறைச்சியைக் கெடுப்பதற்குக் காரணம் இதுவே.

வேகத்தின் பங்கு

குண்டு கொண்டுவரும் ஆற்றல் அதன் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. ஆனால் இறைச்சிச் சேதத்தைப் பொறுத்தவரை மொத்த ஆற்றலைவிடத் தாக்கும் வேகமே கூடுதல் முக்கியத்துவம் உடையது. குண்டு எவ்வளவு விரியும், உடையுமா, தற்காலிகக் குழி எவ்வளவு பெரிதாகும் என்பவற்றை வேகம் தீர்மானிக்கிறது. தாக்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 600 மீட்டருக்கு மேல் செல்லச் செல்லத் தற்காலிகக் குழியின் பாதிப்பு தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது.

மான் வேட்டையில் வழக்கமாகப் பயன்படும் சில தோட்டாக்களின் ஏறத்தாழ அளவுகள் வருமாறு. வேகம் குழல்முனையில் அளக்கப்பட்டது.

.45-70 (1873): குண்டு 26 கிராம், வினாடிக்கு 400 மீட்டர்.
.30-30 வின்செஸ்டர் (1895): குண்டு 11 கிராம், வினாடிக்கு 670 மீட்டர்.
.30-06 ஸ்பிரிங்ஃபீல்டு (1906): குண்டு 11.7 கிராம், வினாடிக்கு 820 மீட்டர். இதே தோட்டாவில் 9.7 கிராம் குண்டு, வினாடிக்கு 890 மீட்டர்.
.270 வின்செஸ்டர் (1925): குண்டு 8.4 கிராம், வினாடிக்கு 930 மீட்டர்.
.300 வின்செஸ்டர் மேக்னம் (1963): குண்டு 11.7 கிராம், வினாடிக்கு 900 மீட்டர்.

இந்தப் பட்டியலில் முதலிலுள்ள .45-70 தோட்டாவின் குண்டு மிகக் கனமானது, மெதுவானது. அது அகலமான துளையிட்டு மறுபக்கம் வெளியேறும். ஆனால் சுற்றியுள்ள தசையில் இரத்தம் அதிகம் பரவாது. குண்டுத் துளையின் விளிம்பு வரை இறைச்சியைச் சாப்பிடலாம் என்று இத்தகைய மெதுவான கனத்த குண்டுகளைப் பற்றி அமெரிக்க வேட்டைக்காரர்கள் கூறுவதுண்டு. பட்டியலின் கடைசியில் உள்ள மேக்னம் தோட்டாவை 50 மீட்டர் தொலைவிலுள்ள மானின் தோள் மீது சுட்டால் அந்தத் தோளின் இறைச்சி முழுவதும் போய்விடக்கூடும்.

தொலைவையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். காற்றுத் தடையால் குண்டு வேகத்தை இழந்துகொண்டே செல்கிறது. வினாடிக்கு 890 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .30-06 குண்டு, 300 மீட்டர் சென்றதும் அதன் வடிவத்தைப் பொறுத்து 600 முதல் 700 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும். திறந்தவெளியில் 300 மீட்டரில் அளவாக விரியும் குண்டு, அடர்ந்த காட்டில் 40 மீட்டரில் சுடப்பட்டால் அளவுக்கு மீறி விரிந்து உடையலாம். எனவே ஒரு தோட்டாவை நல்லது அல்லது கெட்டது என்று தனியாகச் சொல்ல முடியாது. எந்தத் தொலைவில் சுடப்போகிறோம் என்பதோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

குண்டின் கட்டமைப்பு

ஒரே தோட்டாவில், ஒரே எடையில் கூட வெவ்வேறு கட்டமைப்புள்ள குண்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றின் விளைவுகள் பெரிதும் வேறுபடும்.

முழு உலோக உறைக் குண்டு: ஈய உட்கருவின் முனை முழுவதும் கடினமான உலோகத்தால் மூடப்பட்டிருக்கும். இது விரிவதில்லை. பல வேளைகளில் சிறு துளையிட்டுக் கடந்துவிடும். சில வேளைகளில் உடலுக்குள் புரண்டு எதிர்பாராத திசையில் செல்லும். பார்வைக்கு இறைச்சியைக் காப்பது போலத் தோன்றினாலும் விலங்கை விரைவாகக் கொல்வதில்லை. அதனால் பெரிய விலங்குகளின் வேட்டையில் இதைப் பல இடங்களின் சட்டங்கள் தடை செய்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மானைச் சுடும் ரைஃபிள் குண்டு மென்முனை அல்லது குழிமுனை உடையதாக இருக்க வேண்டும் என்றே கூறுகிறது.

மென்முனைக் குண்டு: முனையில் ஈயம் வெளியே தெரியும். தசையில் மோதியதும் முனை நசுங்கிக் காளான் வடிவில் விரியும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அதிக வேகத்தில் மோதினால் உறை பிரிந்து ஈயம் சிதறும். எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இழப்பது அரிதன்று.

குழிமுனைக் குண்டும் நெகிழிமுனைக் குண்டும்: விரைவாக விரிவதற்காக முனையில் குழி விடப்பட்டிருக்கும், அல்லது அக்குழியில் கூரிய நெகிழி முனை பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய உறையுள்ள வகைகள் நரி போன்ற, இறைச்சிக்காக வேட்டையாடப்படாத விலங்குகளுக்காக உருவாக்கப்பட்டவை. மான் மீது அவற்றைப் பயன்படுத்தினால் மேற்பரப்பிலேயே வெடித்ததுபோல் சிதறி, பெரிய ஆழமற்ற காயத்தை உண்டாக்கும். தடித்த உறையுள்ள நெகிழிமுனைக் குண்டுகளும் உண்டு. பெட்டியின் மீது எந்த விலங்குக்கானது என்று குறிப்பிட்டிருப்பதைப் படிப்பது அவசியம்.

பிணைப்புக் குண்டு: ஈய உட்கருவும் செம்பு உறையும் பற்றவைத்தது போல ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். விரிந்த பின்னும் உறை பிரியாது. எடையில் பெரும்பகுதி தங்கிவிடும்.

தடுப்புச் சுவர்க் குண்டு: குண்டின் நடுவே உறையின் உலோகமே ஒரு சுவராக அமைந்து, முன் ஈயத்தையும் பின் ஈயத்தையும் பிரிக்கும். முன்பகுதி விரியும், பின்பகுதி உடையாமல் ஊடுருவும். அமெரிக்கரான ஜான் நோஸ்லர் 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குச் சென்றபோது, அவருடைய வேகமான குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறி உள்ளே செல்லத் தவறின. அந்த அனுபவத்திலிருந்து அவர் வடிவமைத்த இக்குண்டு 1948இல் விற்பனைக்கு வந்தது.

முழுச் செம்புக் குண்டு: ஈயமே இல்லாமல் செம்பு அல்லது செம்புக் கலவையால் மட்டும் செய்யப்பட்டது. முனையிலுள்ள குழி திறந்து இதழ்கள் போலப் பின்னோக்கி வளையும். பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேல் எடை தங்கும். 1980களின் இறுதியில் பார்ன்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ் குண்டு இவ்வகையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

விரியும் குண்டின் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. 1890களில் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் படைக்காக மென்முனைக் குண்டுகள் செய்யப்பட்டன. அவ்வூரின் பெயரே அவ்வகைக் குண்டுக்கு நிலைத்துவிட்டது. மனிதர்மீது ஏற்படுத்தும் கொடிய காயம் கருதி 1899ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை போரில் விரியும் குண்டைத் தடை செய்தது. போரில் தடை செய்யப்பட்ட அதே வகைக் குண்டு வேட்டையில் கட்டாயமாக்கப்பட்டிருப்பது முரணாகத் தோன்றலாம். போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும் என்று அவ்வுடன்படிக்கை கருதியது. வேட்டையிலோ காயத்துடன் உயிர் தப்பும் விலங்கே மிகக் கொடிய விளைவாகும்.

குண்டு தாக்கும் இடம்

எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தாலும் குண்டு எங்கே படுகிறது என்பதே சேதத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலா எலும்புகளுக்குள் இதயமும் நுரையீரலும் உள்ளன. பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு இந்த இடத்தில் குண்டு பட்டால் இரு நுரையீரல்களும் துளைபட்டு இரத்த அழுத்தம் சரிந்து, வழக்கமாகச் சில வினாடிகளில் அல்லது ஒரு நிமிடத்துக்குள் நினைவிழந்து விழும். விலாவின் மீதுள்ள தசை மெல்லியது. ஆகவே இங்கு ஏற்படும் இழப்பும் சிறிது. மான் 50 அல்லது 100 மீட்டர் ஓடிய பின்பே விழக்கூடும் என்பதுதான் இதிலுள்ள குறை.

தோள் எலும்பைக் குறிவைத்தால் மான் நின்ற இடத்திலேயே விழும் வாய்ப்பு அதிகம். அடர்ந்த புதர்களிலும், எல்லை கடந்தால் தேட முடியாத நிலங்களிலும் சிலர் இதை விரும்புகின்றனர். அதற்கான விலை ஒரு தோளின் அல்லது இரு தோள்களின் இறைச்சியாகும்.

தலையையோ கழுத்தையோ சுட்டால் இறைச்சி ஏறத்தாழ முழுமையாகத் தப்பும். ஆனால் மூளையும் தண்டுவடமும் மிகச் சிறிய இலக்குகள். தலை எந்தக் கணமும் அசையக்கூடியது. சில சென்டிமீட்டர் பிசகினால் தாடை உடைந்து, உண்ணவும் குடிக்கவும் இயலாமல் நாள் கணக்கில் வாடி இறக்கும் விலங்காக அது மாறிவிடும். இந்தக் காரணத்தால் வேட்டைப் பயிற்சிகளில் பொதுவாக மார்புப் பகுதியே பரிந்துரைக்கப்படுகிறது.

வயிற்றில் படுவது எல்லா வகையிலும் மோசமானது. இறப்பு பல மணி நேரம் தாமதமாகும். இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் இறைச்சியில் கலந்து அதைக் கெடுக்கும். மான் முன்பக்கத்தைக் காட்டியோ பின்பக்கத்தைக் காட்டியோ நிற்கும்போது சுடாமல், பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருப்பது தோட்டாவை மாற்றுவதைவிட அதிக இறைச்சியைக் காக்கும்.

விரைவான இறப்பும் இறைச்சியின் தரமும்

விரைவான இறப்பு விலங்கின் நலனுக்கு மட்டுமன்றி இறைச்சியின் தரத்துக்கும் தேவையானது. இறந்த பிறகு தசையிலுள்ள கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. இதனால் இறைச்சியின் கார அமிலத்தன்மை எண் சுமார் 7இலிருந்து 5.5 அளவுக்குக் குறைகிறது. இந்த அமிலத்தன்மை நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது, இறைச்சிக்கு நல்ல நிறத்தையும் தருகிறது.

காயம்பட்டு நெடுந்தூரம் ஓடிய விலங்கு தன் கிளைகோஜனை ஓட்டத்திலேயே செலவழித்துவிடுகிறது. அதன் இறைச்சியின் எண் 6க்குக் கீழே இறங்காமல் நின்றுவிடலாம். அத்தகைய இறைச்சி கருத்து, இறுகி, வறண்டு காணப்படும். விரைவில் கெட்டும் போகும். கால்நடை இறைச்சித் தொழிலிலும் இந்தக் குறை அறியப்பட்டதே. எனவே மிகச் சிறிய துளையிடும் தோட்டாவைத் தேர்ந்து ஒரு கையகல இறைச்சியைக் காப்பாற்ற முயல்பவர், முழு உடலின் தரத்தையும் இழக்க நேரிடலாம்.

சிறு விலங்குகளும் பறவைகளும்

முயல், அணில் போன்ற சிறு விலங்குகளில் இறைச்சியே குறைவு என்பதால் தேர்வு இன்னும் நுட்பமானது. .22 லாங் ரைஃபிள் தோட்டா (1887) இவற்றுக்கு மிகப் பரவலாகப் பயன்படுகிறது. அதன் குண்டு 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 முதல் 380 மீட்டர். ஒலியைவிட மெதுவான வகைகள் சேதத்தை மேலும் குறைக்கும். 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர். தோட்டாவின் குண்டு 1.1 கிராம் மட்டுமே. ஆனால் வினாடிக்குச் சுமார் 780 மீட்டர் வேகத்தில் செல்வதால் உடலில் பட்டால் முயலின் பெரும்பகுதியைக் கெடுத்துவிடும். அதைப் பயன்படுத்துவோர் தலையை மட்டுமே குறிவைக்கின்றனர். எடை குறைந்தால் சேதமும் குறையும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பறவைகளுக்கு ஷாட்கன் பயன்படுகிறது. இங்கு ரவையின் அளவும், ரவைகள் விரிந்து பரவும் வட்டமும், தொலைவும் கருதப்படுகின்றன. மிக அருகில் சுட்டால் ரவைகள் பரவுவதற்கு முன்பே ஒரே கற்றையாகத் தாக்கிப் பறவையைச் சிதைத்துவிடும். மிக நுண்ணிய ரவைகளைத் தேர்ந்தால் பல ரவைகள் மார்புத் தசையில் தங்கிவிடும். சற்றுப் பெரிய ரவைகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் ஆழமாகச் சென்று விரைவாகக் கொல்லும். உண்பவர் பற்களுக்கும் இது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத சேதம்: ஈயம்

இதுவரை கூறியவை கண்ணால் கண்டு வெட்டி எறியக்கூடிய சேதங்கள். ஈயக் குண்டின் நுண்துகள்கள் அப்படிப்பட்டவை அல்ல.

2008இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கு உணவு வழங்கும் மையங்களுக்கு வேட்டைக்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்த மான் இறைச்சிப் பொட்டலங்களில் ஈயத் துகள்கள் கண்டறியப்பட்டன. அந்த இறைச்சியை வழங்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகள் அறிவுறுத்தினர். தொடர்ந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் அம்மாநிலத்தில் 700க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தன. வேட்டை இறைச்சி உண்போரின் இரத்தத்தில் ஈய அளவு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

2009இல் வெளியான மற்றோர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வழக்கமான ஈயக் குண்டுகளால் சுடப்பட்ட 30 வெண்வால் மான்களின் உடல்களை ஆய்வாளர்கள் ஊடுகதிர்ப் படம் எடுத்தனர். குடல் நீக்கிய பிறகும் எல்லா உடல்களிலும் உலோகத் துகள்கள் இருந்தன. ஓர் உடலில் 15 முதல் 409 வரை துகள்கள் எண்ணப்பட்டன. பின்னர் அந்த மான்களை இறைச்சிக் கடைகளில் வழக்கம்போல வெட்டிக் கொத்துக்கறியாக்கியபோது, 30இல் 24 மான்களின் பொட்டலங்களில் துகள்கள் காணப்பட்டன. அந்த இறைச்சியைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் ஈய அளவு உயர்ந்தது. தொழில்முறை இறைச்சி வெட்டுநர்கள் காயப் பகுதியை நீக்கிய பிறகும் துகள்கள் எஞ்சின என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பாதுகாப்பானது என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் ஈயக் குண்டால் சுடப்பட்ட விலங்கின் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும் என்று செருமனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் பரிந்துரைக்கிறது.

காட்டில் விடப்படும் குடலும் கழிவும் பறவைகளுக்கு உணவாகின்றன. அவற்றிலுள்ள துகள்களைத் தின்ற கழுகுகளும் பிணந்தின்னிப் பறவைகளும் நஞ்சேறி இறக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் சுமார் 22 பறவைகளாகக் குறைந்து அழிவின் விளிம்பில் நின்ற கலிபோர்னியா காண்டாரின் மீட்சிக்கு ஈய நஞ்சே முதன்மைத் தடையாக இருந்துவருகிறது. இதனால் கலிபோர்னியா மாநிலம் 2019 சூலை 1 முதல் எல்லா வேட்டையிலும் ஈயக் குண்டைத் தடை செய்தது. டென்மார்க் 1996இல் ஈய ரவைகளையும் 2024இல் ஈய ரைஃபிள் குண்டுகளையும் தடை செய்தது. அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் 1991 முதல் ஈய ரவைகளுக்கு இடமில்லை.

செம்புக் குண்டின் நன்மையும் வரம்பும்

செம்புக் குண்டு பெரும்பாலும் உடையாததால் ஈயச் சிக்கலை நீக்குவதோடு துணுக்குகளால் வரும் கிழிசலையும் குறைக்கிறது. ஆயினும் அதிக வேகத்தில் மோதினால் தற்காலிகக் குழி உண்டாகி இரத்தம் பரவத்தான் செய்யும். ஆகவே செம்பு என்பதாலேயே இறைச்சிச் சேதம் இராது என்று கருதக் கூடாது.

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். எனவே ஒரே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும். சில ரைஃபிள் குழல்களின் முறுக்கு அந்த நீளத்தை நிலைப்படுத்தப் போதாது. செம்பு கடினமானது என்பதால் விரிவதற்குக் கூடுதல் தாக்கும் வேகமும் தேவைப்படுகிறது. இந்த இரு காரணங்களால், ஈயத்தில் 180 கிரெயின் குண்டைப் பயன்படுத்தியவர் செம்பில் 150 கிரெயினைத் தேர்வது வழக்கம். செம்புக் குண்டின் விலை கூடுதல் என்பதும் நடைமுறைத் தடையாக உள்ளது.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

குண்டு பாய்ந்த பாதையைச் சுற்றி, நிறம் மாறிய பகுதிக்கும் அப்பால் தாராளமாக வெட்டி நீக்க வேண்டும். ஈயக் குண்டு பயன்படுத்தியிருந்தால் இது மேலும் முக்கியம். காயத்தை நீரால் கழுவுவது துகள்களை மற்றப் பகுதிகளுக்கும் கொண்டு செல்லும் என்று மினசோட்டா மாநில இயற்கை வளத் துறையின் ஆய்வு காட்டியது. இரத்தம் பரவிய துண்டுகளைக் கொத்துக்கறியில் சேர்க்கக் கூடாது. ஒரு துண்டிலுள்ள துகள் முழுத் தொகுதியிலும் கலந்துவிடும். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பில் ஊறவைத்தால் ஈயம் கூடுதலாகக் கரையும். எடுக்கப்பட்ட காயப் பகுதியை நாய்க்கும் போடக் கூடாது.

தேர்வு செய்யும் முறை

தோட்டாவைத் தேர்வோர் கீழ்க்காணும் வரிசையில் சிந்திப்பது பயன் தரும்.

முதலில் சட்டம். விலங்குக்கேற்ற குறைந்த அளவுகளைப் பல நாடுகள் வரையறுத்துள்ளன. செருமனியில் ரோ மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் ஆற்றலும், மற்றக் குளம்புள்ள வேட்டை விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலும் தேவை.

இரண்டாவது தொலைவு. அடர்ந்த காட்டில் 100 மீட்டருக்குள் வெண்வால் மானைச் சுடுபவருக்கு .30-30 போன்ற மிதமான வேகமுள்ள தோட்டா போதும். அதிவேக மேக்னம் தேவையில்லை. திறந்தவெளியில் 300 மீட்டர் வரை சுட வேண்டியவருக்கு வேகமான தோட்டா தேவைப்படலாம். அதே தோட்டாவால் எதிர்பாராமல் அருகில் சுட நேரும் என்பதையும் அவர் கருதி, உடையாத பிணைப்புக் குண்டையோ செம்புக் குண்டையோ தேர்வது நல்லது.

மூன்றாவது குண்டின் எடை. ஒரே தோட்டாவில் கனமான ஈயக் குண்டு மெதுவாகச் செல்லும், குறைவாக உடையும். .30-06இல் 9.7 கிராமுக்குப் பதிலாக 11.7 கிராம் குண்டைத் தேர்ந்தால், ரைஃபிளை மாற்றாமலேயே சேதத்தைக் குறைக்கலாம்.

நான்காவது சுடுபவரின் திறன். பின்னுதைப்பு அதிகமுள்ள தோட்டாவைச் சுடும்போது தோள் அஞ்சிக் கை நடுங்கினால் குண்டு விலகும். அஞ்சாமல் சுடக்கூடிய மிதமான தோட்டாவால் விலாவுக்குள் சரியாகச் சுடுவது, அஞ்சிச் சுடும் வலிய தோட்டாவைவிட விலங்குக்கும் இறைச்சிக்கும் நன்று. தேர்ந்த தோட்டாவை வேட்டைக்கு முன் அதே ரைஃபிளில் இலக்குப் பலகையில் சுட்டுப் பார்த்து, எந்தத் தொலைவு வரை குறி தப்பவில்லையோ அதையே தன் எல்லையாகக் கொள்ள வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடாமல் விடுவதும் இத்தேர்வின் ஒரு பகுதியே.